மிச்சம் பிடிச்ச தண்ணி எங்கே போச்சு?

போன வாரம் கோவையிலிருந்து வந்த நண்பர், தென்னைக்கு ஓடுற சொட்டுநீர்க் குழாயைப் பார்த்துட்டு, "இதாங்க வழி, பாதித் தண்ணி மிச்சம்" என்றார். மிச்சம்தான். ஆனா கிணத்தை எட்டிப் பாருங்கன்னு சொன்னேன். அடிப்பாறை தெரிஞ்சுது.

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன். தண்ணிக்கதை இல்லை, கரிக்கதை.

இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணியை இறைக்க 1712இல் நியூகோமனின் நீராவி எஞ்சின் வந்தது. நம்ம கவலை செய்த வேலைதான். ஆனா கரியை அள்ளி அள்ளித் தின்னும். விற்காத தூள்கரி சும்மா கிடக்கிற சுரங்க வாசலில்தான் அது கட்டுபடியாகும். 1769இல் ஜேம்ஸ் வாட், நீராவியைக் குளிர வைக்கத் தனிக் கலன் வைத்துக் காப்புரிமை வாங்கினார். அதே வேலைக்குக் கரி ரொம்பக் குறைந்தது. கரியே கிடைக்காத கார்ன்வால் பக்கத்துச் சுரங்கங்களில் அந்த எஞ்சினை வைத்து, மிச்சமாகும் கரியின் விலையில் மூணில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கினார்கள். வாரத்துக்கு விட்ட காடு மாதிரி! அப்புறம் நூற்பாலை, மாவுமில் என்று எஞ்சின் போகாத இடமில்லை.

1828இல் கிளாஸ்கோவில் நீல்சன் என்பவர் ஊதுலைக்குச் சூடான காற்றை அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார். ஸ்காட்லாந்தில் ஒரு டன் இரும்புக்கு ஆகும் கரி, மூணில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. இரும்பு மலிந்தது, உலைகள் பெருகின. 1830க்கும் 1863க்கும் நடுவே அந்தத் தொழில் எரித்த மொத்தக் கரி பத்து மடங்கானது. 1865இல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் ஜெவன்ஸ், அப்போ அவருக்கு 29 வயசு. சிக்கனமாக எரித்தால் கரி மிஞ்சும் என்று எல்லாரும் நம்பிட்டிருந்தப்ப, சிக்கனம்தான் செலவைக் கூட்டுது என்றார். அவர் பயந்தபடி பிரிட்டனில் கரி தீர்ந்து போகலை, எண்ணெய் வந்து சேர்ந்தது. அது வேற கதை.

இனி எங்க கிணறு. அப்பாரு காலத்தில் கவலைதான். விடியுமுன்னே ரெண்டு காளை பூட்டி, சாலை இறக்கி, வாரியில் முன்னும் பின்னும் நடை. வெயில் ஏறினா காளைங்க ஓய்ஞ்சிரும், அவுத்து விட்டுடணும். ராத்திரி முழுக்கக் கிணறு ஊறும். தண்ணி பாய்ஞ்சது ஒரு ஏக்கர், மீதி மேட்டாங்காட்டில் மானாவாரிச் சோளம். அப்புறம் ஆயில் எஞ்சின், கரண்ட் மோட்டார். மோட்டாருக்கு ஓய்ச்சல் ஏது? விவசாயத்துக்குக் கரண்ட் இலவசமானதும், சுவிட்சை அணைக்கவும் ஆளில்லை.

நான் சொட்டுநீர் போட்டப்ப ஒன்றரை ஏக்கர் தென்னை இருந்தது. மரத்துக்குப் போற தண்ணி நிஜமாவே பாதியாச்சு. மிஞ்சின தண்ணியைக் கிணத்திலேயே விட்டேனா? ரெண்டு வருசத்தில் ரெண்டு ஏக்கர் வாழை, அப்புறம் மேட்டாங்காடு பூராவும் தென்னை. முன்னே வாய்க்காலில் விட்டப்ப மண்ணுக்குள் இறங்கிய தண்ணியில் கொஞ்சம் கிணத்துக்கே திரும்பி வரும். இப்ப அதுவும் இல்லை. தப்பு குழாய் மேல இல்லைங்க, என் மேலதான்.

இந்த ஆடியில் வாழையை எடுத்துட்டுச் சோளமே விதைக்கலாம்னு இருக்கேன். பையனுக்கு இதில் இஷ்டமில்லை. நாம விட்டு வைக்கிற தண்ணியைப் பக்கத்துக் காட்டுக்காரர் உறிஞ்சிக்குவார்ங்கிறான். அவர் போன மாசம்தான் ஆயிரம் அடிக்கு போர் போட்டிருக்கார்.