ஓப்பன்ஏக்யூ நிரலகம்

ஓப்பன்ஏக்யூ நிரலகம் என்பது பல நாடுகளில் பதிவாகும் காற்று மாசு அளவீடுகளைத் தரவிறக்கவும் வினவவும் பயன்படும் ஒரு பைத்தான் நிரலகம் ஆகும். ஓப்பன்ஏக்யூ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் திறந்த தரவுத்தளத்துடன் இது தொடர்பு கொள்கிறது. இத்தரவுத்தளம் தானாக எதையும் அளப்பதில்லை. அரசு நிலையங்களும் மலிவு விலை உணரிகளும் அளந்தவற்றைத் திரட்டி ஒரே வடிவில் தருகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் தொடர் கண்காணிப்புத் தரவுகள் இதன் முதன்மை மூலமாகும்.

வரலாறு

மங்கோலியத் தலைநகர் உலான் பத்தூரில் காற்று மாசு குறித்துப் பணியாற்றிய பட்டறிவைக் கொண்டு, கிறிஸ்டா ஹாசன்கோப், ஜோ பிளாஷர் ஆகியோர் 2015 ஆம் ஆண்டில் ஓப்பன்ஏக்யூவைத் தொடங்கினர். தொடக்க ஆண்டுகளில் ஆர்வலர்களே நிரலகங்களை எழுதினர். டேவிட் ஹேகன் பைத்தானுக்கும், மயெல் சல்மோன் ஆர் மொழிக்கும் எழுதியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. சல்மோன் அக்காலத்தில் ஐதராபாத்தை ஒட்டிய ஊர்களின் காற்று மாசு பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றில் பங்கேற்றிருந்தார். 2025 சனவரி 31 அன்று இடைமுகத்தின் முதலிரு பதிப்புகளும் நிறுத்தப்பட்டதால் பழைய நிரலகங்கள் பயனற்றுப் போயின. பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்து எழுதும் நிரல் பிழைச்செய்தியுடன் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தற்போது அமைப்பே வெளியிடும் நிரலகம் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துகிறது. இதற்கு இலவசமாகப் பதிவு செய்து திறவுச்சொல் பெறுதல் வேண்டும்.

வினவும் முறை

வினவல் மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலில் அகலாங்கு, நெட்டாங்கு, ஆரம் ஆகியவற்றைக் கொடுத்து நிலையங்களைத் தேட வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் மாசுக்கு ஒன்றாக உணரிகள் இருக்கும். ஒவ்வோர் உணரிக்கும் தனி எண் உண்டு. அவ்வெண்ணையும் கால எல்லையையும் கொடுத்தால் அளவீடுகள் கிடைக்கும். ஒரு பக்கத்தில் அதிக அளவாக 1000 பதிவுகளே வருவதால், ஓராண்டுத் தரவுக்குப் பக்கங்களை வரிசையாகக் கேட்க வேண்டும்.

புள்ளியைக் குறிக்கும்போது அகலாங்கு முதலில் வரும். செவ்வக எல்லையைக் குறிக்கும்போது நெட்டாங்கு முதலில் வரும். புதியவர்கள் அடிக்கடி தவறுவது இவ்விடத்தில்தான்.

கோட்டைக்குப்பம்: ஓர் எடுத்துக்காட்டு

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கரையில் அமைந்த மீனவர் ஊர் கோட்டைக்குப்பம். இதன் தெற்கே கடற்கரையை ஒட்டி, 20 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் வடசென்னை அனல்மின் நிலையமும், அதன் அருகே 1500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் அனல்மின் நிலையமும் உள்ளன. மேற்கே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை உள்ளது.

அகலாங்கு 13.42, நெட்டாங்கு 80.32 எனக் கொடுத்து, இடைமுகம் அனுமதிக்கும் மிகப்பெரிய ஆரமான 25 கிலோமீட்டருக்குத் தேடினால் கும்மிடிப்பூண்டி எல்லைக்குள் அடங்கும். மணலி அடங்காது, அது ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே மணலியைத் தனியே வினவ வேண்டும். அனல்மின் நிலையங்கள் மணலிக்கும் ஏரிக்கும் இடையில் இருப்பதால், தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் புகை மணலியை விட்டு விலகி ஏரியை நோக்கி நகரும். அன்று மணலியில் குறைந்த அளவு பதிவானாலும் ஏரிக்கரையில் காற்று தூய்மையாக இருந்தது எனக் கொள்ள இயலாது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது நிலைமை மாறும். ஆகையால் காற்றின் திசைத் தரவைச் சேர்க்காமல் செய்யும் ஒப்பீடு பெரிதும் பொருளற்றது.

நேரமும் கவனிக்கத்தக்கது. மீனவர்கள் விடியலுக்கு முன்பே ஏரியில் இறங்குவர். அவ்வேளையில் நிலக்காற்று மேற்கிலிருந்து வீசுவது வழக்கம். தரவுத்தளம் உலக ஒருங்கிணைந்த நேரத்தையும் உள்ளூர் நேரத்தையும் தருகிறது. இந்திய நேரம் அதிகாலை 4 மணி என்பது உலக நேரத்தில் முந்தைய நாள் இரவு 10.30 ஆகும். தவறான நேரத்தைக் கொண்டு நாள் சராசரி கணக்கிட்டால் அதிகாலை அளவீடுகள் முந்தைய நாளுக்குச் சென்றுவிடும்.

அளவீடுகளைப் பொருள்கொள்ளுதல்

நிரலகம் செறிவை மட்டுமே தரும். காற்றுத் தரச் சுட்டெண்ணைத் தராது. பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுத் தரம் 24 மணி நேரத்தில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக நலவாழ்வு அமைப்பின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டு அளவு 15. ஆகவே 40 என்னும் அளவு முன்னதன்படி ஏற்கத்தக்கது, பின்னதன்படி இரு மடங்கிற்கும் மேல்.

எதிர்ம எண்களும், மணிக்கணக்கில் மாறாத ஒரே எண்ணும் கருவிக் கோளாற்றின் அறிகுறிகளாகும்; சராசரி காணுமுன் இவற்றை ஆராய வேண்டும். ஒளிச்சிதறல் முறையில் இயங்கும் மலிவு உணரிகள், ஈரப்பதம் மிக்க கடலோரக் காற்றில் நீர்த்துளிகளையும் துகள்களாகக் கணக்கிட்டு மிகையான அளவைக் காட்டக்கூடும்.

மூலத் தரவு நின்றால் தரவுத்தளத்திலும் புதிய பதிவு வராது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் நுண்துகள் அளவீடுகள் பல ஆண்டுகள் கிடைத்துவந்தன. அமெரிக்க வெளியுறவுத் துறை 2025 மார்ச்சில் இவ்வகைத் தரவுப் பகிர்வை நிறுத்தியது.

நிலையமற்ற ஊர்களுக்கு, 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் கந்தக டைஆக்சைடு, நைதரசன் டைஆக்சைடு தரவுகள் துணையாகின்றன. ஆயினும் அவை நிலத்திலிருந்து மேல்நோக்கிய காற்றுத்தம்பம் முழுவதையும் அளப்பவை; ஒரு நாளில் நண்பகலுக்குப் பின் ஒரு முறை மட்டுமே கிடைப்பவை. அதிகாலை ஏரியில் வலை வீசுபவர் சுவாசிக்கும் காற்றை அவற்றிலிருந்து அறிய இயலாது.