எழுதியதா, ஒற்றியதா? காளத்தித் துணியும் அதன் பெயர்களும்

சன்னலுக்குத் திரை, கட்டிலுக்கு விரிப்பு, சுவருக்கு ஓவியம் என எதை வாங்கச் சென்றாலும் இன்று 'கலம்காரி' என்ற பெயர் காதில் விழுகிறது. திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தியில் (நம் இலக்கியங்களின் திருக்காளத்தி, பழைய சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம்) கையால் எழுதப்படும் துணிக்கும் அதே பெயர், ஆலையில் அச்சாகும் பாலியெஸ்டர் திரைக்கும் அதே பெயர். இந்தக் குழப்பத்தின் வேர் வணிகத்தில் மட்டுமன்றி, சொல்லிலும் இருக்கிறது என்பதே இப்பதிவின் வாதம்.

'கலம்காரி' பாரசீகச் சொல். 'கலம்' என்பது எழுதுகோல். 'காரி' என்பது வேலை. கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி ஆட்சியில் பாரசீகம் அரசவை மொழியாகவும், மசூலிப்பட்டினம் பெருந்துறைமுகமாகவும் விளங்கிய சூழலில் வேரூன்றிய வணிகப் பெயர் இது. செய்பவர்களின் தெலுங்கிலோ இரண்டு பெயர்கள் உண்டு. கோலால் எழுதுவது 'வ்ராதபனி'. மர அச்சால் ஒற்றிச் சாயமேற்றுவது 'அத்தகம்'. 'வ்ராத' என்பது தமிழின் 'வரை' என்னும் வினைக்கு உறவான சொல். 'பனி' நம் 'பணி'. பழந்தமிழிலும் ஓவியத்தை 'எழுதினார்கள்' என்பதை நினைவுகூர்க. காளஹஸ்தி வ்ராதபனியின் ஊர். மசூலிப்பட்டினத்துப் பெடனா வட்டாரம் பெரிதும் அத்தகத்தின் ஊர். வணிகச் சொல் இவ்விரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டது. எழுதுகோலின் பெயரைத் தாங்கிய அச்சுத்துணி என்ற முரண் அப்போதே பிறந்துவிட்டது.

இரண்டுக்கும் பொதுவானது சாய வேதியியல். கஞ்சி நீக்கிய கெட்டியான பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள், வெல்லத்தோடு ஊறிய இரும்புக் கரைசலைத் தொட்டதும் கறுப்பாகிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டிப் பின்னர் சாயவேர் போன்ற செஞ்சாயப் பொருளோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டுமே சிவப்பைப் பற்றிக்கொள்கிறது. சாயம் துணியின் மேல் பூசப்படுவதில்லை, இழைக்குள் விளைகிறது. நிறத்துக்கு நிறம் ஓடும் நீரில் அலச வேண்டும். காளஹஸ்தியில் இத்தொழில் சுவர்ணமுகி ஆற்றை ஒட்டி வளர்ந்ததற்கு அதுவே காரணம்.

இச்செய்முறையின் ஒரு வடிவத்தை ஐரோப்பியருக்கு விரிவாக எழுதியனுப்பியவர் மொழியியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர்: இயேசு சபைத் துறவி கேர்தூ. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவை வில்லியம் ஜோன்சின் 1786 உரைக்கு முன்பே, 1767-இல், பிரெஞ்சு அறிஞர் குழுவுக்கு எழுதியவர் இவர். அதற்கும் கால் நூற்றாண்டு முன், 1742-இல், சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதத்தில் துணியில் சித்திரம் எழுதும் முறையைப் படிப்படியாக விவரித்தார். அவருக்குத் தகவல் தந்தவர்கள் கிறித்தவம் தழுவிய அத்தொழிலாளர்களே. சாயவேரையும் கடுக்காயையும் தமிழ்ப் பெயராலேயே பிரெஞ்சில் எழுதினார். அக்கடிதம் ஐரோப்பியத் துணி அச்சாளர்களுக்குப் பயன்பட்டது. தகவல் தந்தவர்களின் பெயர் வரலாற்றில் இல்லை. அவர்களின் சொற்கள் மட்டும் உள்ளன.

இனி, துணி தொங்கிய இடங்களைப் பார்ப்போம். சித்திரம் தீட்டிய மேற்கட்டி சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலேயே வருகிறது. காளஹஸ்தித் துணிகள் கோயிலுக்குரியவை: இராமாயண, பாரதக் கதைகளைக் கட்டங்கட்டமாக எழுதி, கீழே தெலுங்கில் விளக்கமும் எழுதப்பட்ட பெருந்திரைகள். தமிழ்நாட்டின் கருப்பூர், சிக்கிநாயக்கன்பேட்டை மரபில் தேருக்கும் மண்டபத்துக்கும் உருளையாகத் தொங்குவது தொம்பை. மேலே விரிப்பது அஸ்மானகிரி. இந்த 'அஸ்மான்' பாரசீகத்தின் வானம். கடவுளின் தலைக்கு மேல் விரிந்த துணிக்கே பிறமொழிப் பெயர் இயல்பாக வாய்த்திருக்கிறது. ஆகவே, கடன்சொல் வந்ததைக் குறையாகக் கூறவில்லை. கடன்சொல் எந்த வேறுபாட்டை அழித்தது என்பதையே கேட்கிறோம்.

இதே நுட்பம் கடல் கடந்து படுக்கையறைக்குச் சென்றது. கட்டில் விரிப்பைக் குறிக்கும் 'பலங்போஷ்' ஆங்கிலத்தில் 'பாலம்போர்' ஆனது. புள்ளியிட்ட துணியைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல் அங்கே 'சின்ட்ஸ்' ஆயிற்று. நம்மிடம் 'சீட்டி' ஆயிற்று. ஒரே சொல், அங்கே பிரபுக்களின் கட்டிலில். இங்கே ஏழைச் சிறுமியின் பாவாடையில். 1663-இல் இலண்டனின் சாமுவேல் பெப்பிஸ் தம் மனைவியின் படிப்பறைச் சுவரை மூட இத்துணியை வாங்கியதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கம்பளி, பட்டு நெசவாளர்களின் எதிர்ப்பால் பிரான்சு 1686-இல் தடை விதித்தது. இங்கிலாந்தின் 1721-ஆம் ஆண்டுச் சட்டம் உடையில் மட்டுமன்றி வீட்டுத் தட்டுமுட்டு அலங்காரத்திலும் அச்சிட்ட பருத்தியைத் தடுத்தது. 1774-இல் தளர்ந்தபோதும், பிரிட்டனில் உருவான பருத்தித் துணிக்கே சலுகை கிடைத்தது. மறு ஆண்டு, நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவிக்கு அன்பளிப்பாக வந்த சோழமண்டலக் கட்டில் திரைகளைச் சுங்கத்தார் கைப்பற்றினர். ஒரு வீட்டின் படுக்கைத் துணி அரசின் பொருளாதாரக் கொள்கையாக இருந்த காலம் அது.

ஆலை அச்சும் செயற்கைச் சாயமும் வந்தபின் காளஹஸ்தி மரபு மெலிந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957-இல் அங்கே பயிற்சி மையம் அமைந்த பின்னரே மீண்டும் தழைத்தது. கோயில் திரை சுவர் ஓவியமாகவும் புடவையாகவும் மாறியது அதன் பின்விளைவு. இன்று ஸ்ரீகாளஹஸ்தி, மசூலிப்பட்டினம், கருப்பூர் மரபுகள் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றுள்ளன. ஆனால் அக்குறியீடுகள் காப்பது ஊர்ப்பெயரோடு சேர்ந்த பெயரை. வெறும் 'கலம்காரி' யாருக்கும் உரியதன்று. ஆகவே யாரும் அச்சிட்டு விற்கலாம். பல நாள் உழைப்பில் முடியும் துணி, சில நிமிடங்களில் அச்சாகும் துணியோடு ஒரே பெயரில், ஒரே அடுக்கில் போட்டியிட வேண்டியிருக்கிறது.

எனவே வாங்குவோர் கேட்க வேண்டியது 'இது கலம்காரியா?' என்பதன்று, 'எழுதியதா, ஒற்றியதா, ஆலையில் அச்சிட்டதா?' என்பதே. விடையைத் துணியே தரும். எழுதிய துணியில் ஒரே மலர் இருமுறை வந்தாலும் கோட்டின் தடிமன் மாறும். மர அச்சில் குறித்த இடைவெளியில் அச்சு பொருந்தும் விளிம்பு தெரியும். ஆலை அச்சில் எல்லாம் பிசகின்றி ஒன்றுபோல் இருக்கும். இழை பாலியெஸ்டர் என்றால் ஐயமே வேண்டா; கடுக்காயும் படிகாரமும் பருத்தியைப் பற்றுவதுபோல் அதைப் பற்றுவதில்லை.

பயன்பாடும் இதையொட்டியதே. எழுதிய துணி சுவருக்கு உரியது. வெயில் நேராகப் படும் சன்னலுக்கு அன்று. இயற்கைச் சாயங்களுள் மஞ்சள் விரைவில் வெளுக்கும். இரும்புக் கறுப்பு நாளடைவில் இழையையே அரிக்கும். பழந்துணிகளில் கறுப்புக் கோடுகள் முதலில் நைந்திருப்பது இதனால்தான். அடிக்கடி துவைக்கும் விரிப்புக்கும் திரைக்கும் அத்தகத் துணி ஏற்றது. நாள்தோறும் உராயும் இருக்கை உறைக்கு ஆலைத் துணியே போதும். அதை அதன் பெயரால் வாங்கினால் குறையேதுமில்லை.

தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயத்தொட்டி, கோல், துணியின் பதம் ஆகியவற்றுக்குத் தொழிலாளர் வழங்கும் சொற்களைத் தொகுங்கள். 'வ்ராதபனி', 'அத்தகம்' என்ற இரு சொற்கள் கடைப்பலகையில் இடம்பெற்றிருந்தால் மேற்சொன்ன மயக்கத்தில் பாதி எழுந்திருக்காது. தொழிற்சொல் அகராதி என்பது மொழியியலாளரின் பொழுதுபோக்கன்று. எழுதுபவரின் கூலி அதைச் சார்ந்திருக்கிறது.