சர்வர் அறைக்கு ஏற்ற தீயணைப்பு வாயு எது?

சர்வர் அறையில் தீப்பிடித்தால், தண்ணீர் கருவிகளையும் பாழாக்கிவிடும். அதனால் ஈரமோ தூளோ படியவிடாத வாயுக்கள் பயன்படுகின்றன.

கரியமில வாயு மலிவானது. ஆனால் தீயை அணைக்கும் அளவில் அது மனித உயிரையும் பறிக்கும். ஆள் நடமாட்டமுள்ள அறைக்கு ஏற்றதன்று.

எஃப்எம்-200 வாயு சுமார் 10 விநாடியில் அறையை நிரப்பும். சிலிண்டர்களுக்குக் குறைந்த இடமே போதும். ஆனால் புவியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 3,000 மடங்குக்கும் மேல் கடுமையானது.

நைட்ரஜன், ஆர்கான், சிறிதளவு கரியமில வாயு கலந்த ஐஜி-541 ஓசோன் படலத்தைப் பாதிக்காது. ஆனால் கூடுதல் சிலிண்டர்களும், அறையின் அழுத்தம் வெளியேறத் திறப்பும் தேவை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கதவிடுக்கிலும் கேபிள் துளைகளிலும் வாயு கசிந்தால் தீ மீண்டும் பற்றக்கூடும். ஆகவே, அறையின் கசிவைச் சோதித்து அடைத்த பிறகே அமைப்பை நம்பலாம். எச்சரிக்கை மணி ஒலித்ததும் அனைவரும் உடனே வெளியேற வேண்டும்.