இடக்கையில் சாவி, வலக்கையில் சார்ஜ்

முடிச்சூர் சாலையிலிருந்து காலையில் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு ஓடுகிற ஷேர் ஆட்டோக்களில், கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைக் கவனித்தால் பெரும்பாலும் கறுப்புச் சதுரத் திரைகள்தான் தெரியும். அரிதாக ஒருவர் இரண்டு கையிலும் கட்டியிருப்பார். வலக்கையில் நாடித்துடிப்பையும் நடந்த அடிகளையும் எண்ணுகிற ஸ்மார்ட் வாட்ச். இடக்கையில் அப்பாவுடைய பழைய எச்.எம்.டி. வாட்ச். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கத் தேவையில்லை. இரண்டு கடிகாரத்தோடு வாழ்வது இந்த ஊருக்குப் பழக்கமான காரியம்தான். அந்தக் கதையில் பாதி, 1931 முதல் மின்ரயில் ஓடும் தாம்பரம்–கடற்கரைப் பாதையை ஒட்டியே கிடக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் இறங்கிக் கல்லூரிச் சாலைப் பக்கம் போனால் வானிலை ஆய்வு மைய வளாகம். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கேதான் வானாய்வகம் கட்டியது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூடக் கல்வெட்டு உண்டு. வானத்து மீன்களைப் பார்த்து இங்கே குறித்த நேரம்தான் 'மெட்ராஸ் டைம்'. அது கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பம்பாய் ஒரு நேரம், கல்கத்தா ஒரு நேரம் என்று ஊருக்கொரு மணி இருந்த காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே எடுத்துக்கொண்டது மெட்ராஸ் நேரத்தை. இரண்டு பெருநகரங்களுக்கும் இடைப்பட்ட நேரம் அது. தந்தி வழியாக அதைப் பிற ஊர்களுக்கு அனுப்பவும் முடிந்தது. ஆக, பம்பாய்க்காரர் வீட்டில் ஒரு மணியும் ரயிலடியில் இன்னொரு மணியும் பார்த்தார்.

1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் வந்தது. சென்னைக் கடிகாரங்கள் 9 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னே நகர்ந்தன, அவ்வளவுதான். கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் நேரத்தை விடவில்லை. இப்படி இரண்டு நேரம் பார்த்தது இங்கே மட்டுமல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துத் தானியச் சந்தைக் கடிகாரம் இன்றும் இரண்டு நிமிட முள்ளோடு நிற்கிறது. ஒன்று உள்ளூருக்கு, மற்றது லண்டனுக்கு.

நுங்கம்பாக்கத்து நேரம் சாமானிய மனிதனை எட்டிய வழிதான் இங்கே முக்கியம். மவுன்ட் ரோட்டில் பி.ஆர் அண்ட் சன்ஸ் என்ற கடிகாரக் கடைக்கு 1870-களில் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கட்டடம் எழுந்தது. அதன் மணிக்கூண்டுக் கடிகாரத்தை வானாய்வகத்தோடு கம்பியால் இணைத்திருந்தார்கள். சாலையில் போகிறவர் அண்ணாந்து பார்த்து, சட்டைப்பையிலிருந்த சங்கிலிக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு நடக்கலாம். பின்னால் அந்த வேலையை வானொலியின் 'பீப்' ஒலி செய்தது. ஸ்பிரிங்கில் ஓடும் கடிகாரம் ஒருநாளும் தனித்து இருந்ததில்லை. சரியான நேரத்தைச் சொல்ல அதற்கு எப்போதும் ஒரு துணை வேண்டியிருந்தது. சாதாரண மெக்கானிக்கல் வாட்ச் ஒரு நாளில் அரை நிமிடம் முன்னே பின்னே போவது இயல்பு. ஷேர் ஆட்டோவில் பார்த்த முடிச்சூர்க்காரரின் வலக்கையில் இருப்பது அந்த மணிக்கூண்டு. இடக்கையில் இருப்பது அந்தச் சங்கிலிக் கடிகாரம்.

ரயில் பாதையின் அந்தக் கோடியில் கடற்கரை நிலையம். அதன் அருகே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உருவான பர்மா பஜார். வெளிநாட்டு வாட்ச் வாங்க ஆசைப்பட்டவர்கள் போய்ப் பேரம் பேசிய இடம். அந்த ஆசை இல்லாதவர்களுக்கு எச்.எம்.டி.தான். பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. அதன் 'ஜனதா' வாட்ச் 17 கல் வைத்தது. விநாடிக்கு 5 துடிப்பு. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும், வேலையில் சேர்ந்த பிள்ளைக்கும், ஓய்வு பெறுகிறவருக்கும் வாட்ச் கொடுப்பது வழக்கமானது. அதனால்தான் இன்றும் பல வீட்டு பீரோக்களில் ஒன்று தூங்குகிறது.

அதைத் தூங்க வைத்தது குவார்ட்ஸ். 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை போட்டு, செல்லில் ஓடும் மெல்லிய வாட்சைக் கண்ணாடி போட்ட ஷோரூம்களில் அழகாக அடுக்கியது. தினமும் சாவி கொடுக்கும் வேலை போயிற்று. பிறகு செல்போன் வந்தது, கையில் கட்டுகிற தேவையே போயிற்று. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்குச் சில மாதம் முன்புதான், 2015 ஏப்ரலில், ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்திருந்தது. வெறுமையாகக் கிடந்த மணிக்கட்டுக்கு வாட்சைத் திரும்பக் கொண்டுவந்தது ஸ்மார்ட் வாட்ச்தான். அதன் பின்னாலேயே பழையதும் வெளியே வந்தது. அந்த வகையில் இரண்டும் பகையாளிகள் அல்ல.

எந்தக் கைக்கு எது என்பதிலும் காரணம் இருக்கிறது. சாவித் திருகு வலப்பக்கம் இருப்பதால் மெக்கானிக்கல் வாட்ச் இடக்கையில் உட்கார்ந்தால்தான் வசதி. புதியது வலக்கைக்குப் போகலாம். சென்சார் தோலை ஒட்டியிருந்தால் போதும், திரையைத் திருப்பிக்கொள்ள அமைப்பு இருக்கிறது. இரவில்தான் எச்சரிக்கை வேண்டும். பல ஸ்மார்ட் வாட்ச்களின் சார்ஜரில் காந்தம் உண்டு. அதன் மேலேயோ ஒட்டியோ பழைய வாட்சை வைத்தால், முடிபோன்ற ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாட்ச் தறிகெட்டு வேகமாக ஓடும். உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். காந்தத்தை இறக்குகிற சின்ன கருவியில் வைத்து எடுத்தால் சில நொடியில் சரியாகிவிடும்.

அந்தக் கருவியும் கண்ணில் லென்ஸும் வைத்துக்கொண்டு, பேலன்ஸ் வீலைக் கழற்றி எண்ணெய் போடத் தெரிந்தவர்கள் வரவரக் குறைந்து வருகிறார்கள். இன்றைய வாட்ச் கடைகளில் பெரும்பாலும் நடப்பது செல் மாற்றுவதும் ஸ்டிராப் மாற்றுவதும்தான். உங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய வாட்ச் இருந்தால், இந்த மாதமே அப்படி ஒரு கைகாரரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் கடை திறந்திருக்கும்போதே.