அழுத்தவகை நீச்சற்குளத் துப்புரவுக் கருவி

அழுத்தவகை நீச்சற்குளத் துப்புரவுக் கருவி என்பது, வடிகட்டியைக் கடந்து குளத்துக்குத் திரும்பும் நீரின் அழுத்தத்தைக் கொண்டு தானாகவே இயங்கி, குளத்தின் தரையில் படியும் இலை, மணல், பூச்சி முதலியவற்றைத் தன் பையில் சேகரிக்கும் பொறியாகும். கருவிக்குள் மின்மோட்டார் எதுவும் கிடையாது. சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், வண்டலூர், மேடவாக்கம், பழைய மாமல்லபுரம் சாலை ஆகியவற்றின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தனி வீடுகளிலும் சிறு நீச்சற்குளங்கள் உள்ளன. நீண்ட கோலில் வாக்குவம் தலையைப் பொருத்திப் பணியாளர் ஒருவர் தரையைத் துப்புரவு செய்வது இங்கே வழக்கமான முறை. அதற்கு மாற்றாகக் கருதப்படும் மூவகைத் தன்னியக்கக் கருவிகளுள் இதுவும் ஒன்று.

இயங்கும் முறை

பம்பிலிருந்து (எக்கியிலிருந்து) வரும் நீர், மிதக்கும் குழாய் ஒன்றின் வழியாகக் கருவியை அடைந்து பல பணிகளுக்குப் பிரிகின்றது. ஒரு பகுதி சிறு சுழலியைச் சுற்றி, பற்சக்கரங்கள் வழியே கருவியின் சக்கரங்களை உருட்டுகின்றது. மற்றொரு பகுதி பின்புறத் தாரையாகப் பீறிட்டுக் கருவியை முன்னே தள்ளுகின்றது. மூன்றாம் பகுதி, கருவியின் நடுவே உள்ள அகன்ற குழாயின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பாய்கின்றது. விரைந்து செல்லும் இந்தத் தாரை தன்னைச் சூழ்ந்த நீரையும் இழுத்துச் செல்வதால், அடியில் கிடக்கும் குப்பை மேலேறிப் பையில் விழுகின்றது. வென்ச்சூரி விளைவு என இது பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றது. பம்பு குப்பையை உறிஞ்சுவதாகப் பலரும் எண்ணுவது சரியன்று. குப்பை பம்புக்கோ வடிகட்டிக்கோ செல்வதே இல்லை.

கருவியின் பின்னே தொங்கும் வால்குழாய் அங்குமிங்கும் அசைந்து நுண்தூசியைக் கிளப்பிவிடுகின்றது. அத்தூசியைப் பிடிப்பது வடிகட்டியின் வேலை. மிதக்கும் குழாயின் இடையில் உள்ள பின்னோட்ட வால்வு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாரையைத் திசைமாற்றி, மூலையில் சிக்கிய கருவியைப் பின்னுக்கு இழுத்து விடுவிக்கின்றது.

வரலாறு

1960களில் கலிபோர்னியாவில் ஹோவார்டு ஆர்னெசன் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பூல் சுவீப்', நீர்ப்பரப்பில் மிதந்தபடி நீண்ட வால்குழாய்களால் அடித்தூசியைக் கிளப்பும் கருவியாகும். பின்னாளில் விரைவுப் படகுகளுக்கான உந்துவிசை அமைப்பொன்றுக்கும் இவர் பெயரே வழங்கலாயிற்று. தரையில் உருளும் பைவைத்த கருவிகளுள் போலாரிஸ் வரிசை பரவலாக அறியப்பட்டது. உறிஞ்சுவகைக் கருவியான 'கிரீப்பி கிராலி', 1974இல் தென்னாப்பிரிக்காவில் பெர்டினாண்ட் சோவியே என்பவரால் உருவாக்கப்பட்டது.

தெரிவு

உறிஞ்சுவகைக் கருவி விலை குறைந்தது. ஆயினும் அது சேர்க்கும் குப்பை முழுவதும் பம்பின் கூடைக்கும் வடிகட்டிக்கும் போய்ச் சேரும். இதனால் வடிகட்டியைப் பின்னோட்ட நீரால் அலசும் 'பேக்வாஷ்' அடிக்கடி தேவைப்படும். 600 மி.மீ. விட்டமுள்ள மணல் வடிகட்டி ஒன்றை, சதுர மீட்டருக்கு மணிக்கு 40 கன மீட்டர் என்ற வேகத்தில் மூன்று நிமிடம் அலசினால் ஏறத்தாழ 565 லிட்டர் நீர் வெளியேறிவிடும். கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் இது சிறிய செலவன்று. இலைகளைத் தன் பையிலேயே நிறுத்திக்கொள்ளும் அழுத்தவகை இங்கே அனுகூலமானது.

பாதுகாப்பு நோக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. உறிஞ்சுவகைக்கெனக் குளத்துச் சுவரில் அமைக்கப்படும் உறிஞ்சுவாய், கருவியைக் கழற்றிய பின் தானாக மூடிக்கொள்ளும் மூடியில்லாமல் விடப்பட்டால், குழந்தையின் கையையோ தலைமுடியையோ பிடித்துக்கொள்ளக்கூடும். அழுத்தவகையின் சுவர்வாய் நீரை வெளித்தள்ளுவது. அதில் இவ்வாபத்து இல்லை. எவ்வகையாயினும் கருவி இயங்கும்போது குளத்தில் எவரும் இறங்கலாகாது.

மூன்றாவது வகையான ரோபோக் கருவி, தாழ் மின்னழுத்தத்தில் இயங்கும் சொந்த மோட்டார்களைக் கொண்டது, குழாய் இணைப்பே தேவையற்றது, மின்செலவும் குறைவு. ஏற்கெனவே கட்டி முடித்த குளத்தில் தனிக்குழாய் இல்லாதபோது, கான்கிரீட் சுவரைத் துளைத்துப் புதுக்குழாய் பதிப்பது நீர்க்கசிவை வலிய அழைப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய இடங்களில் ரோபோக் கருவியோ, ஊக்கப் பம்பு இன்றி வழக்கமான திரும்புகுழாயிலேயே இயங்கும் அழுத்தவகை மாதிரியோ பொருத்தமானது. போலாரிஸ் 360 இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு. 280, 380 ஆகிய மாதிரிகளுக்கு ஊக்கப் பம்பு தேவை. எனவே புதிதாகக் குளம் கட்டுவோர் கருவியைப் பின்னர் வாங்குவதாயினும், கான்கிரீட் இடுவதற்கு முன்பே ஒரு தனிக்குழாயைப் பதித்து மூடிவைப்பது அறிவுடைமை. அப்போது ஆகும் செலவு சில மீட்டர் பி.வி.சி. குழாய் மட்டுமே.

குழாய் அமைப்பு

நீரோட்டத்தின் ஒழுங்கு பின்வருமாறு அமைதல் வேண்டும்: குளம், முதன்மைப் பம்பு, வடிகட்டி, பின்னர் ஊக்கப் பம்புக்கான 'டீ' இணைப்பு, அதன் பின்னரே குளோரின் இடும் கருவி. இவ்வொழுங்கை மாற்றிக் குளோரின் கருவிக்குப் பின்னால் டீயை வைத்தால், செறிந்த குளோரின் ஊக்கப் பம்பின் அடைப்பு வளையத்தை அரித்துவிடும். டீயின் கிளை பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் குழாயின் உச்சியில் தேங்கும் காற்று பம்புக்குள் செல்லும்.

டீக்கும் ஊக்கப் பம்புக்கும் இடையே வளையும் குழாய் பயன்படுத்தப்படுகின்றது. நீரின்றி ஓடிச் சூடேறிய பம்பின் வாயில் விறைப்பான பி.வி.சி. உருகி நெளிவதும், அதிர்வு இணைப்புகளைத் தளர்த்துவதும் இதனால் தவிர்க்கப்படும். ஊக்கப் பம்பிலிருந்து குளத்துச் சுவர் வரை செல்லும் குழாயில் வேறு எந்தக் கிளையும் இருத்தல் கூடாது. ஒரே அளவு நீர் பாயும்போது அழுத்த இழப்பு, உள்விட்டத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். 40 மி.மீ. உள்விட்டத்துக்குப் பதிலாக 32 மி.மீ. இட்டால் இழப்பு மும்மடங்காகிவிடும். குழாயில் மிச்சம் பிடிப்பது இவ்விடத்தில் வீண்.

சுவர்வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நீண்ட பக்கத்தின் நடுவில் அமைத்தால் மிதக்கும் குழாய் குறைந்த நீளத்தில் எல்லா மூலைகளையும் எட்டும். தேவைக்கு மேல் நீண்ட குழாய் சுருண்டு முடிச்சிடும். கான்கிரீட் இடும்போது குழாயில் அழுத்தம் ஏற்றி வைப்பது நல்லது. ஆணியோ கம்பியோ துளைத்தால் அளவுமானி உடனே காட்டிக்கொடுக்கும். கருவியை இணைக்கும் முன் குழாயை நன்கு அலசாவிடில், சிமெண்டுத் துகளும் பி.வி.சி. சீவலும் சுவர்வாயின் சிறு வலையை அடைத்துவிடும். முதல் நாளிலேயே 'கருவி பழுது' எனச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்னிணைப்பு

ஊக்கப் பம்பு தானே நீரை ஈர்க்க வல்லதன்று. முதன்மைப் பம்பு ஓடாதபோது அது மட்டும் ஓடினால் சில நிமிடங்களில் அடைப்பு வளையம் கருகிவிடும். இரண்டு பம்புகளுக்கும் தனித்தனி நேரமானி வைப்பது பலரும் செய்வது. ஆனால் ஒன்று ஜெனரேட்டர் இணைப்பிலும் மற்றொன்று அதற்கு வெளியிலும் இருந்தால், மின்வெட்டுக்குப் பின் எந்திர நேரமானிகள் ஒன்றுக்கொன்று பின்தங்கிவிடும். முதன்மைப் பம்பின் காண்டாக்டர் மூடியிருந்தால் மட்டுமே ஊக்கப் பம்புக்கு மின்சாரம் செல்லுமாறு பிணைத்து, இடையே தாமத ரிலே ஒன்றை இடுவதே நம்பகமான முறை. மின்சாரம் திரும்பும்போது இரு மோட்டார்களும் ஒருங்கே கிளம்புவதையும் இது தடுக்கும். 30 மில்லிஆம்பியர் கசிவு மின்துண்டிப்பானும் நல்ல புவியிணைப்பும் கட்டாயமானவை.

அமெரிக்காவிலிருந்து தருவிக்கும் பம்புகளில் மற்றொரு சிக்கல் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த மோட்டார், இந்தியாவின் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால் 69 விழுக்காடாகக் குறையும். மோட்டாரும் மிகையாகச் சூடேறும். பெயர்ப்பலகையில் '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' எனக் குறிக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முக்கால் குதிரைத்திறன் ஊக்கப் பம்பு, இழப்புகளையும் சேர்த்து மணிக்கு 1 அலகு மின்சாரத்துக்குச் சற்று மேல் கொள்ளும். நாள்தோறும் மூன்று மணி நேரம் இயக்கினால் இரு மாதத்தில் ஏறத்தாழ 200 அலகுகள் ஆகும்.

தாம்பரம் பகுதிச் சூழல்

மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும். அதன் சிற்றிலைகளுக்குச் சாதாரண வலைப்பையே போதும். செம்மண் தூசிக்கு நுண்வலைப்பை வேண்டும். பின்னர் உதிரும் வேப்பம்பூ மிதப்பது. அதைத் தரையில் உருளும் கருவியால் பிடிக்க இயலாது, ஸ்கிம்மரே பிடிக்க வேண்டும். கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பும் குளங்களில், தாரைத் துளைகளில் சுண்ணாம்புப் படிவு சேர்ந்து கருவி மெல்ல வேகமிழக்கும்.

பம்பு அறையின் இடமும் இங்கே கவனிக்கத்தக்கது. 2015 திசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் இப்பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் பம்புகளை வைப்பது ஓசையை மறைக்கும். ஆயினும் தாழ்ந்த மனைகளில் மேடையிட்டு உயர்த்தி வைப்பதே தக்கது. ஊக்கப் பம்புக்கு நீர் முதன்மைப் பம்பிலிருந்து அழுத்தத்துடன் வருவதால், அதைச் சற்று உயரத்தில் வைப்பதால் இயக்கம் கெடாது. முதன்மைப் பம்பை உயர்த்தும்போது மட்டும், அது தானே நீரை ஈர்க்கும் வகையா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் கருவியையும் மிதக்கும் குழாயையும் வெளியே எடுத்துவிடுதல் வேண்டும்.