ஹஷீஷும் ஒரு நோயாளித் தாயின் தொழுகையும்



நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தாயார், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மகன் வழியாக ஒரு கேள்வியை எழுதியனுப்பினார். மருந்து ஏற்றிய நாளிலிருந்து மூன்று நாள்களுக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்குவதில்லை. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர், அங்கெல்லாம் இந்த வாந்திக்குக் கஞ்சாவின் சத்திலிருந்து ஆன மாத்திரை தருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவரோ, கறுப்பு எண்ணெய் ஒன்றை வரவழைத்துத் தருவதாகவும் அதைக் குடித்தால் கட்டியே கரைந்துவிடும் என்றும் உறுதி கூறியிருக்கிறார். "ஹஜ்ரத், அது ஹராம்தானே? வேறு வழியில்லாமல் சாப்பிட்டுவிட்டால் என் தொழுகை கூடுமா?" என்று அந்தத் தாய் கேட்டிருந்தார். நோயின் வேதனையைவிடத் தொழுகையைப் பற்றிய கவலையே அந்தக் காகிதத்தில் பெரிதாகத் தெரிந்தது.

போதைப்பொருள் ஹராம் என்று ஒரே வரியில் எழுதியனுப்பியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் நம் முன்னோர் இக்கேள்வியை ஒரே வரியில் முடித்தவர்கள் அல்லர்.

இச்செடி முஸ்லிம் மருத்துவர்களின் நூல்களுக்குள் முதலில் மருந்தாகவே நுழைந்தது. கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸின் மூலிகை நூல் 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் அரபியாக்கப்பட்டபோது, காதுவலிக்கு அதன் விதைச்சாறு பயன்படும் என்ற குறிப்பும் உடன் வந்தது. போதைக்காக அதைத் தின்னும் வழக்கம் பரவலாகப் பேசப்பட்டது பிற்காலத்தில்தான். அந்தலூசியாவின் மாலகாவில் பிறந்து, ஹிஜ்ரி 646இல் (1248) திமிஷ்கில் வஃபாத்தான மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், எகிப்தின் தோட்டங்களில் 'இந்தியச் சணல்' பயிரிடப்படுவதையும், ஃபகீர்கள் அதை உருட்டித் தின்பதையும் தாமே கண்டு பதிந்திருக்கிறார். மக்கள் அதை ஹஷீஷ் என்றனர். அரபியில் அச்சொல்லுக்கு வெறும் 'புல்' என்றே பொருள். ஊரைக் கெடுத்த பொருளுக்கு எவ்வளவு சாதுவான பெயர்!

உலமாக்கள் அதை எதிர்த்ததில் வியப்பில்லை. போதை தருவதையும் உடலைத் தளரச் செய்வதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஹஷீஷைத் தடுத்தோர் பலரும் எடுத்துக்காட்டிய ஆதாரங்களுள் ஒன்று, ஒரு பெண்மணி வழியாக நமக்கு வந்த இந்த அறிவிப்பு. ஹிஜ்ரி 728இல் (1328) வஃபாத்தான இப்னு தைமிய்யா (ரஹ்), மது அருந்தியவனுக்குரிய தண்டனையே ஹஷீஷ் தின்பவனுக்கும் உண்டு என்றார். ஷாஃபிஈ மத்ஹபின் ஸர்கஷீ (ரஹ்) அதன் தடையை விளக்குவதற்கென்றே தனி நூல் எழுதினார். ஆயினும் தடையை நிறுவ எழுந்த அந்த நூலிலேயே, மருந்தாக அது பயன்படுவது உறுதியானால் என்ன சட்டம் என்ற பேச்சும் இடம்பெற்றது.

இங்கே மாலிக்கி மத்ஹபின் இமாம் கராஃபீ (ரஹ்) அவர்களிடம் சற்று நிற்க வேண்டும். எகிப்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 684இல் (1285) வஃபாத்தானவர். 'அல்ஃபுரூக்' என்னும் நூலில் அவர் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். களிப்பும் கிளர்ச்சியும் ஊட்டி அறிவை மறைப்பது முஸ்கிர், மது அவ்வகை. புலன்களையே உறங்க வைப்பது முர்கித். களிப்பின்றி அறிவைக் குழப்புவது முஃப்ஸித். ஹஷீஷை அவர் மூன்றாம் வகையில் சேர்த்தார். ஆகவே மதுவுக்குரிய ஹத் தண்டனை அதற்கில்லை, ஆனால் கண்டித்துத் தடுக்கும் தண்டனை உண்டு. அது நஜீஸும் அன்று. அதை உடன் வைத்துக்கொண்டு தொழுதவரின் தொழுகை முறியாது என்பது அவரது முடிவு. மற்ற இமாம்கள் பலர் இப்பிரிவினையை ஏற்கவில்லை. இருப்பினும், அந்தத் தாய் கேட்ட தொழுகைக் கேள்வியை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து சிந்தித்திருக்கிறார் என்பதே நம்மை நெகிழச் செய்தது.

நம் கடலோர ஊர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் சொல்லுக்கு உள்ள எடையை வாசகர் அறிவர். அழுகிய கையை வெட்டியெடுக்க வேண்டிய நிலையில், நோயாளியின் உணர்வை மருந்தால் போக்கலாமா என்ற மஸ்அலா 'ரவ்ளா'வில் வருகிறது. மதுவை மருந்தாக்குவது பற்றிய கருத்து வேறுபாட்டோடு முன்னவர்கள் அதை இணைத்திருந்தார்கள். நவவீயோ கூடும் என்பதே சரியான கூற்று எனத் தீர்ப்பளித்தார். 'மஜ்மூஃ'வில் இன்னொன்றும் உண்டு: தேவையின் பொருட்டு மருந்து உட்கொண்டு ஒருவருக்கு அறிவு மயங்கினால், அந்நேரத்துத் தொழுகை அவர்மீது கடமையில்லை, தெளிந்தபின் களாவும் இல்லை. களிப்புக்காகக் குடித்து மயங்கியவனோடு நோயாளியை அவர் ஒரே வரிசையில் நிறுத்தவில்லை.

இந்த அறிஞர்கள் மருந்தின் மறுமுகத்தை அறியாதவர்களும் அல்லர். 15ஆம் நூற்றாண்டில் ஹஷீஷைப் பற்றித் தொகுத்தெழுதிய இப்னுல் பத்ரீ, பக்தாதில் வலிப்பு நோயால் அவதியுற்ற ஓர் அதிகாரியின் மகனுக்கு அதைக் கொடுத்த கதையைச் சொல்கிறார். வலிப்பு நின்றது, ஆனால் அது இல்லாமல் அவரால் இருக்க முடியாமற்போயிற்று. நிவாரணமும் அடிமைத்தனமும் ஒரே கதைக்குள் கிடக்கின்றன.

ஐரோப்பிய மருத்துவத்துக்கு இச்செடியை முறையாக அறிமுகம் செய்த ஆய்வு நம் நாட்டில்தான் நடந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷாக்னஸி 1839இல் தம் சோதனைகளை வெளியிட்டார். அரபி, பாரசீக நூல்களின் செய்திகளைப் பெற அவர் நாடியவர்களுள் ஹூக்ளி இமாம்பாடாவின் முத்தவல்லி சையிது கராமத் அலியும் ஒருவர். வாத நோய், ரணஜன்னி, காலரா எனப் பலவற்றிலும் அவர் அதைப் பரிசோதித்தார். ஒரு நோயாளி அப்துல்லாஹ் என்னும் ஹகீம். வெறிநாய் கடித்துச் சில வாரங்கள் கழித்து வந்தவர். நீரைக் கண்டாலே வலிப்பு எழும் நிலை. கஞ்சாப் பிசின் கொடுத்தபின் அவரால் சிறிது பழச்சாறும் உணவும் விழுங்க முடிந்தது. சில நாள்களில் அவர் இறந்துவிட்டார். மருந்து உயிரைக் காக்கவில்லை; ஆனால் இறப்பின் கொடூரம் தணிந்தது என்று ஓஷாக்னஸி பதிவு செய்தார்.

இதைத்தான் இன்றைய மருத்துவர்கள் துணைச் சிகிச்சை என்கிறார்கள்: நோயைத் தீர்ப்பது வேறு, நோயாளியைத் தாங்குவது வேறு. நமக்கு இது புதிய எண்ணமும் அன்று. நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் கொடுக்கச் சொல்வார்கள் ஆயிஷா (ரழி) அவர்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு ஆறுதல் என்பதை நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்தார்கள்.

புற்றுநோய் மருந்துகள் வலிமை பெற்ற 1970களில் வாந்தி பெரும் துன்பமாயிற்று. சினைப்பைப் புற்றுநோய்ப் பெண்களுக்குத் தரப்பட்ட சிஸ்பிளாட்டின் அதில் மிகக் கடுமையானது. தாங்க முடியாமல் சிகிச்சையை நடுவில் நிறுத்தியவர்களும் உண்டு. கஞ்சாவின் போதைச் சத்தான டிஎச்சியை 1964இல் இஸ்ரேலில் மெச்சோலமும் காவோனியும் பிரித்தறிந்திருந்தனர். அதை வாய்வழி கொடுத்தால் வாந்தி குறைகிறது என்று 1975இல் பாஸ்டன் மருத்துவர்கள் 20 நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டனர். 1985இல் ட்ரோனாபினால், நாபிலோன் என்னும் இரு மருந்துகளுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆனால் 1991இல் ஓண்டான்செட்ரான் அங்கு ஒப்புதல் பெற்றபின் நிலைமை மாறியது. அதுவும் பின்னர் வந்த மருந்துகளும் போதையின்றி வாந்தியை அடக்குகின்றன. கஞ்சா வழி மருந்து, மற்றவை பலிக்காதபோது நாடும் ஒன்றாகப் பின்னுக்குச் சென்றது. இதனைச் செய்தி பரப்புவோர் சொல்வதில்லை.

கறுப்பு எண்ணெய் மனிதரின் கட்டியைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்கு மேலும் ஓர் ஆபத்துண்டு. மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் உண்ணும் தமாக்ஸிஃபென் மாத்திரை, கல்லீரலின் நொதிகளால்தான் முழு வீரியம் பெறுகிறது. கஞ்சாவின் கன்னாபிடியால் அந்நொதிகளைத் தடுக்கக்கூடியது. காக்க வந்த எண்ணெய் காக்கும் மருந்தைக் கெடுத்துவிடலாம். சட்டமும் இருக்கிறது: 1985இன் போதைப்பொருள் சட்டப்படி, உரிமமின்றிக் கஞ்சாவையோ அதன் பிசினையோ வைத்திருப்பது குற்றம். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் 27க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடும் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது என்றாலும், அது கடைத்தெருவுக்குத் தந்த அனுமதி அன்று.

நம் குடும்பங்களில் கஞ்சாவைவிட அடிக்கடி எழுவது மார்ஃபின் கேள்வி. அதே 1985 சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்ஃபின் வாங்கத் தயங்கின. 2014இல்தான் திருத்தம் வந்து வழி எளிதானது. வழி திறந்த பிறகும், அபின் என்ற பெயரைக் கேட்டு, கர்ப்பப்பைப் புற்றுநோயின் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கும் தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பொறுமைக்கு நற்கூலி உண்டு. ஆனால் மருத்துவர் கொடுக்கும் வலிநிவாரணியை மறுப்பதைப் பொறுமையின் நிபந்தனையாக எந்த இமாமும் எழுதியதாக நாம் படித்ததில்லை.

அந்தத் தாய்க்கு நாம் எழுதியனுப்பியது இதுதான்: நம்பத்தகுந்த மருத்துவர், வேறு மருந்து பலிக்காத நிலையில், சட்டம் அனுமதித்த மருந்தைத் தேவையான அளவில் தந்தால், அதை உண்பதில் குற்றமில்லை. தெளிவுள்ள நேரத்தில் உட்கார்ந்தோ படுத்தோ தொழுங்கள். எண்ணெயை வாங்காதீர்கள். வாந்தியின் கடுமையை மருத்துவரிடம் முழுமையாகச் சொல்லுங்கள். அல்லாஹ் மிக அறிந்தவன்.

அவர் மருத்துவரிடம் அதுவரை வாந்தியைப் பற்றி வாய் திறக்கவே இல்லையாம். சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்று நினைத்திருந்தாராம். சொன்னபின் மருந்துகளை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த சுற்றின் இரண்டாம் நாள், "உம்மா அரைக் குவளை கஞ்சி குடிச்சாங்க ஹஜ்ரத்" என்று ஸபக்குக்கு முன்பே ஓடிவந்து சொன்னார் மகன். கஞ்சா மாத்திரைக்குத் தேவையே வரவில்லை.