உப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்பு

தூத்துக்குடி பக்கம் போனவங்களுக்கு உப்பளம் புதுசு இல்லை. ரோட்டோரம் பாத்தி பாத்தியா கடல்தண்ணி, பக்கத்துல வெள்ளைக் குவியல். அந்த வெள்ளைக்குள்ள இரும்பைச் சேர்த்த கதைதான் இந்த எபிசோட்.

எதுக்கு இரும்பு? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏழையோ பணக்காரரோ, எல்லாரும் தினமும் சாப்பிடுற ஒரு பொருள் உப்பு. அதனால அதுலயே இரும்பைக் கலந்தா என்னன்னு யோசிச்சாங்க.

நம்ம குன்னூர்ல 1918-ல ஒரே அறையில தொடங்கின ஆய்வுக்கூடம்தான் பின்னாடி ஹைதராபாத் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா வளர்ந்தது. அங்கே நரசிங்க ராவும் விஜயசாரதியும் இரும்பு கலந்த உப்பைப் பற்றி 1975-ல ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. அப்புறம் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டிய உப்பு வந்தது.

ஆனா கடல் உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரத்துல இரும்பு ஆக்ஸிஜனோட சேர்ந்து உப்பைப் பழுப்பாக்கும். கூடவே அயோடினையும் ஆவியாக்கி விரட்டும். பழுப்பு உப்பை யார் குழம்புல போடுவாங்க? அதனால சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டைச் சேர்த்தாங்க. அது இரும்பைச் சுத்திப் பிடிச்சு, நிறமில்லாத அணைவுச் சேர்மமா மாத்தி வெச்சுக்கும்.

இங்கதான் ஒரு சிக்கல். இரும்பு போட்ட உப்பும் வெள்ளை, போடாத உப்பும் வெள்ளை. பாக்கெட்டுல அச்சடிச்சிருக்கிறதை எப்படி நம்புறது?

நான் கோடு எழுதுற ஆள். உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியலைன்னா நடுவுல ஒரு பிரிண்ட் வரி போட்டுப் பார்ப்பேன். வேதியியல்ல அந்த வேலையைச் செய்யறது நிறம். உப்புக் கரைசல்ல அமிலம் விட்டுக் கொதிக்க வெச்சா பாஸ்பேட்டோட பிடி விட்டுடும். இரும்பை ஃபெரஸ் நிலைக்குக் கொண்டுவந்து பீனாந்த்ரோலின் சேர்த்தா, ஒரு இரும்பு அயனியை மூணு பீனாந்த்ரோலின் பிடிச்சுக்கும். கரைசல் ஆரஞ்சு சிவப்பாகும். அந்த நிறம் 510 நானோமீட்டர் பச்சை ஒளியை விழுங்கும். எவ்வளவு விழுங்குதோ அவ்வளவு இரும்பு.

இந்தக் கணக்குக்கு வயசு அதிகம். ஒளி ஒரு பொருளுக்குள்ள போகப் போக எப்படிக் குறையுதுன்னு பியர் பூகே 1729-லயே எழுதிட்டார். கரைசலோட செறிவை அதோட இணைச்சவர் 1852-ல ஆகஸ்ட் பீர் (ஆமா, பேரே பீர்தான்!). ஒண்ணுக்கு மூணுங்கிற மாதிரி விகிதத்தை நிறத்தை வெச்சே கண்டுபிடிக்கிற முறையை 1928-ல பிரபலமாக்கினவர் பிரான்ஸின் பால் ஜோப். ரெண்டையும் வெவ்வேறு விகிதத்துல கலக்கணும், மொத்த மோல் அளவு மட்டும் மாறக்கூடாது. நிறம் எங்கே உச்சமோ அதுதான் விகிதம்.

ஒரு கிராம் உப்புல ஒரு மில்லிகிராம் இரும்பு இருக்குன்னு வைங்க. இப்படிப் பக்குவப்படுத்தி 250 மில்லிலிட்டர் ஆக்கினா, ஒரு சென்டிமீட்டர் குப்பியைத் தாண்டி வர்ற பச்சை ஒளி சுமார் 16 சதவீதம். இரும்பு பாதிதான் இருந்தா 40 சதவீதம் தாண்டி வரும். ஏமாத்தினா மாட்டிக்கும்!

2014-ல வந்த அம்மா உப்புலயும் இந்த இரட்டைச் செறிவூட்டிய வகை இருந்தது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்துல உப்பளம் வெச்சிருக்கிற தமிழ்நாடு உப்பு நிறுவனத்தோட தயாரிப்பு அது. இப்போ உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிப்படி, இந்த வகை உப்புல இரும்பு பத்து லட்சத்துல 850 முதல் 1100 பங்கு இருக்கணும். கடைக்குப் போனா பாக்கெட்டைத் திருப்பி அந்த எண்ணைத் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.